"அதே மருந்துதான், கம்பெனி மட்டும் வேற" என்று மெடிக்கலில் சொன்னால் நம்பாதீர்கள்

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும், வீட்டில் உள்ளவர்களுக்காகக் கடைக்குப் போய் அதை வாங்கி வருபவர்களும் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். எங்கள் அம்மா பட்டதை இன்னொருவர் படக் கூடாது.

அப்பா தவறிய பிறகு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யார் வந்தாலும் எழுந்து பேசவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அம்மாவுக்கு 63 வயது, பிரஷருக்கும் மாத்திரை உண்டு. டாக்டர் எஸ்சிட்டாலோபிராம் என்கிற மனச்சோர்வு மாத்திரையை எழுதினார், முதல் வாரம் 5 மி.கி., அப்புறம் 10. முதலில் குமட்டும், தலை வலிக்கும், அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள், மனசு தெளிய இரண்டு வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம், நீங்களாக மட்டும் நிறுத்தக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். அப்படியேதான் நடந்தது. முதல் வாரம் காபி வாசனையே அம்மாவுக்கு ஆகவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலையில் கொல்லையில் வாளிச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், அம்மா முல்லைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

மாத்திரை தீர்ந்ததும் எங்கள் ஊர் மெடிக்கலில் வாங்கினேன். சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்தக் கம்பெனி இல்லண்ணே, அதே மருந்து வேற கம்பெனியில இருக்கு" என்றார். நீண்ட ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி, காகித உறையில் போட்டு, மேலே "இரவு 1" என்று எழுதிக் கொடுத்தார். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த மூன்று மாதமும் இப்படியே போனது.

அம்மா காலை ஒன்பது மணி வரை எழுந்திருக்கவில்லை. பேச்சு குழறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார். வயசாகுது, துக்கம் வேறு என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூமில் விழுந்து மணிக்கட்டு எலும்பு உடைந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் "மூளை மாத்திரை சாப்பிட்டா இப்படித்தான் ஆகும், முதல்ல அதை நிறுத்துங்க" என்றார்கள். நாங்களும் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிட்டோம். நாலாம் நாள் கை நடுங்க ஆரம்பித்தது, பொட்டுத் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அழுதார்.

மறுபடியும் மதுரைக்கு ஓடினோம். இந்தத் தடவை டாக்டர் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்து வரச் சொல்லியிருந்தார். வெட்டின ஸ்ட்ரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்து, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றார். வெள்ளி ஃபாயிலில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. செல்போனில் பெரிதாக்கிப் படித்தேன். எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி., அதற்குக் கீழே குளோனாசிபம் 0.5 மி.கி. மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' என்று ஒரு சொல் இருந்திருக்கிறது, கத்தரித்ததில் பாதி போய்விட்டது.

குளோனாசிபம் பதற்றத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற மருந்து, தூக்கம் வரவைக்கும், சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். வயதானவர்களுக்குத் தள்ளாட்டம், மறதி, கீழே விழுவது எல்லாம் அதனால் வரும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கை காலெல்லாம் சில்லிட்டுப் போனது. தேவைப்படுகிறவர்களுக்குக் கொஞ்ச நாளைக்கு இரண்டையும் சேர்த்து டாக்டர்களே எழுதுவது உண்டு, அது வேறு. எங்கள் சீட்டில் அது இல்லவே இல்லை.

எஸ்சிட்டாலோபிராமை நல்ல மருந்து என்றுதான் நான் இப்போதும் சொல்வேன், அம்மாவை எழுப்பி உட்கார வைத்தது அதுதான். ஆனால் அதிலும் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம், அதிலும் நீர் பிரிய வைக்கிற பிரஷர் மாத்திரை கூடவே சாப்பிட்டால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அம்மாவுக்கு 131 இருந்தது, 135-க்குக் குறையக் கூடாதாம். மணிக்கட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்திருந்தார்கள், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும் என்று டாக்டர் அதை மாற்றினார். டிரமடால் என்கிற வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது என்றார். 25 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் எஸ்சிட்டாலோபிராம் மாதிரி மனச்சோர்வு மாத்திரையை ஆரம்பித்தாலோ அளவு மாற்றினாலோ, முதல் சில வாரம் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று வீட்டார் கூடவே இருந்து பார்க்க வேண்டும்.

கடையில் போய்க் கேட்டேன். "அந்த மருந்தும் அதுல இருக்குல்ல, கூட ஒரு தூக்க மருந்து, அம்மா நல்லாத்தானே தூங்கினாங்க" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. டாக்டர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய இந்த மாதிரி மருந்துக்குப் பதிலாகக் கடைக்காரர் தானாக வேறொன்றைத் தரக் கூடாது என்று 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் 65(11ஏ) சொல்கிறது. வேறு கம்பெனி என்றாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால் ஜீபேயில் பணம் போன விவரம், வெட்டின ஸ்ட்ரிப், அந்தக் காகித உறை, டாக்டர் சீட்டு நகல் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தேன். அதனால் பில் கேளுங்கள். முழு ஸ்ட்ரிப்பாக வாங்குங்கள், வெட்டித்தான் தருவார்கள் என்றால் பெயரும் உள்ளே இருக்கிற மருந்துகளும் தெரிகிற பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் நின்றபடியே சீட்டோடு ஒத்துப் பாருங்கள். பின்னால் நாலு பேர் காத்திருந்தால் காத்திருக்கட்டும். டாக்டரிடம் போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோனால் போதாது, மாத்திரையையும் எடுத்துப் போங்கள். இடையில் ஒரு தடவை நான் வெறுங்கையோடு போய், அம்மாவுக்குத் தூக்கமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கே ஸ்ட்ரிப்பைக் காட்டியிருந்தால் அம்மா விழுந்திருக்க மாட்டார்.

பயந்துபோய் மாத்திரையை ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்றைக்கே உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். மனசு தாங்கவில்லை என்றால் ராத்திரியானாலும் 14416-க்கு அடியுங்கள், அரசு நடத்துகிற டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

அம்மாவுக்கு எஸ்சிட்டாலோபிராமைத் தனியாகத் திரும்ப ஆரம்பித்து, குளோனாசிபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். இப்போது 0.25-க்கு வந்திருக்கிறது. கட்டுப் பிரித்தாயிற்று. ஆனால் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும், "இது அதுதானா, நல்லாப் பாத்தியா" என்று என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வாயில் போடுகிறார்.