மலைக்கிராம ஊழியப் பயணம்: மருத்துவ முகாமா, வி.பி.எஸ்ஸா, கட்டட வேலையா?

மே விடுமுறை நெருங்கினால் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் இந்தப் பேச்சு தவறாமல் வரும்: இந்த வருஷம் எந்த மலைக்குப் போகலாம், போய் என்ன செய்யலாம்? மருத்துவ முகாம் நடத்தலாம் என்பார்கள் சிலர். பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, அதாவது வி.பி.எஸ், போதும் என்பார்கள் சிலர். ஆலயத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுப்போம் என்று இன்னும் சிலர் கிளம்புவார்கள். கொல்லிமலையை மனதில் வைத்து மூன்றையும் எடை போட்டுப் பார்க்கிறேன். என் அளவுகோல் ஒன்றுதான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி நம் வேன் அடிவாரத்துக் காரவல்லியைத் தாண்டிய பிறகு, தொடங்கிய வேலையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

மருத்துவ முகாம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. மருந்துப் பெட்டி, இரண்டு டாக்டர்கள், பள்ளிக்கூட வராந்தாவில் நான்கு மேசைகள், காலையிலேயே நீளும் வரிசை. வயதான ஒரு அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுக்கிறோம். பழுப்பு உறையில் காலை, மாலை என்று பேனாவால் எழுதியும் தருகிறோம். அவருக்குப் படிக்கத் தெரியாது. உறையை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு நடக்கிறார். மாத்திரை தீர்ந்த பிறகு? ரத்த அழுத்தத்துக்கு நாள் தவறாமல் மாத்திரை வேண்டும், வருஷத்துக்கு ஒரு முகாம் அதற்கு எந்த மூலைக்கு? தமிழக அரசு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் ஏற்பாடு இருக்கிறது. முகாமில் கண்டுபிடித்தவர்களின் பட்டியலை அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைத்து, அந்த அம்மாவின் பெயர் அங்கே பதிவாகும்படி செய்தால் முகாமுக்கு அர்த்தம் உண்டு. கண், பல் முகாம்கள் இன்னும் மேல். சொத்தைப் பல்லைப் பிடுங்கினாலும் கண்ணாடி கொடுத்தாலும் அந்த வேலை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம் ஒன்று. மருந்து வரிசையில் நிற்பவர் கையில் நற்செய்திக் கைப்பிரதியைத் திணிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நோயோடு நிற்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. யாராவது தாமாகக் கேட்டால் மனம் திறந்து பேசலாம், ஜெபிக்கலாம்.

இதே மலையில் வாழவந்தி என்ற ஊரில் தங்கி ஊழியம் செய்தவர்கள் ஆங்கிலேய மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும். தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செய்து பெயர் பெற்ற டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் பிறந்து இந்த மலையில் வளர்ந்த அவர்கள் மகன்தான். அந்தக் காலத்தில் நரம்புச் சிலந்தி நோய் மலை மக்களைப் பாடாய்ப் படுத்தியது. புண்ணிலிருந்து தலைநீட்டும் புழுவை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல், நாள்கணக்கில் இழுத்தெடுக்க வேண்டும். ஜெஸ்ஸி அதைச் செய்ததோடு நிற்காமல், கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பவும் வைத்தார். புண்காலோடு ஒருவர் தண்ணீரில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் அதில் கலக்கும், அதைக் குடித்தவருக்கு ஒரு வருஷம் கழித்து நோய் வரும். சுவர் அந்தச் சங்கிலியை அறுத்துவிட்டது. ஜெஸ்ஸி 1929-ல் மலேரியா முற்றி இறந்தார். ஈவ்லின் ஓய்வு வயது தாண்டியும் மலைகளுக்கே திரும்பி, 1974-ல் இறக்கும் வரை இந்த மக்களை விடவில்லை. நம் ஒரு வாரத்தை அவர்கள் வாழ்நாளோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் மருந்தோடு கிணற்றையும் பார்த்த அந்தக் கண் நமக்கும் வேண்டும்.

வி.பி.எஸ் விஷயத்தில் என் மனம் இளகிவிடும். செலவு குறைவு, பாட்டும் செய்கையும் கதையும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டே வந்து, அவன் அழுதால் ஒரு ஓரமாக நின்று ஆட்டியபடி பாட்டைக் கற்றுக்கொள்ளும் சிறுமிகளைப் பார்த்தால் யாருக்குத்தான் மறுபடி போகத் தோன்றாது? ஆனால் பாட்டை நாமே நடத்திவிட்டு வந்தால் ஜூன் மாதம் அதன் சுவடு இருக்காது. உள்ளூர் ஞாயிறு பள்ளி அக்காவை முன்னால் நிறுத்தி, நாம் பின்னால் நின்று உதவ வேண்டும். பெற்றோர் சம்மதம் முன்கூட்டியே வாங்குவது, எந்தப் பிள்ளையோடும் ஒருவர் தனியே இருக்காமல் பார்த்துக்கொள்வது, பிள்ளைகள் முகத்தை ஸ்டேட்டஸில் போடாமல் இருப்பது, இவை மூன்றிலும் சமரசமே கூடாது.

கட்டட வேலையை நான் கடைசியில்தான் வைப்பேன். சுவர் வைக்கத் தெரிந்த கொத்தனார் மலையிலேயே இருக்கிறார், அவருக்குக் கூலியும் தேவை. கரண்டி பிடித்துப் பழக்கமில்லாத இருபது பேர் ஏறிப் போய் அந்த வேலையைச் செய்வதைவிட, சிமெண்ட்டுக்கும் கூலிக்கும் பணம் அனுப்புவது நல்லது. பெயிண்ட் அடிப்பதென்றால் சரி, உள்ளூர் வாலிபர்களோடு சேர்ந்து அடிக்கலாம்.

யாரும் அதிகம் பேசாத நான்காவது வழியும் இருக்கிறது. இருபது பேர் ஒரு வாரம் போவதற்குப் பதில், நர்சிங் முடித்த ஒருவரும் ஆசிரியப் பயிற்சி முடித்த ஒருவரும் மலையிலேயே குடியிருந்து ஊழியம் செய்யும் கள ஊழியர் குடும்பத்தின் அருகில் ஒரு மாதம் தங்குவது. ஒருவர் தினமும் நான்கு வீடு நடந்து மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கலாம். மற்றவர் பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். புகைப்படத்துக்கு இது எடுபடாது, சபையில் சாட்சி சொல்லவும் பெரிய கூட்டம் இருக்காது. இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். அது முடியாத சபைக்கு, உள்ளூர் ஆசிரியரை முன்னிறுத்தும் வி.பி.எஸ்ஸோடு ஒரு கண் முகாமைச் சேர்த்துச் செய்யச் சொல்வேன்.

எதுவானாலும் தேதி குறிப்பதற்கு முன் கள ஊழியருக்கு ஒரு போன் போடுங்கள். காபிப் பழம் பறிக்கும் சமயம் என்றால் பகலில் வீட்டில் ஆள் இருக்காது. இருபது பேருக்குச் சமைக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை அவர் மனைவியிடம் கேளுங்கள், சுமை அவர் தலையில்தான் விழும். பழைய துணி மூட்டைகள் வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். ‘ஐயா, இந்த வருஷம் வர வேண்டாம், ஹாஸ்டல் பிள்ளைகள் நாலு பேருக்கு ஃபீஸ் கட்டினால் போதும்’ என்று அவர் சொன்னால், வேன் வாடகைக்கு ஒதுக்கிய பணத்தை அந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.