நம்பிய கட்சி கசந்துவிட்டால் ஓட்டை என்ன செய்வது?

முதல் ஓட்டைப் போட்ட கட்சிமேல் இருந்த பிடிப்பு விட்டுப்போன இளைஞர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் ஒருவன். பெரம்பூரில் வளர்ந்தவன். வீட்டில் தாத்தா காலத்திலிருந்து ஒரே சின்னம். அந்தக் கட்சிக்காக வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன், பூத்துக்குக் கொஞ்சம் தள்ளி மேஜை போட்டு உட்கார்ந்து சிலிப் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கட்சியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எந்தக் கட்சியை மனதில் வைத்துப் படித்தாலும் கீழே சொல்லும் கணக்கு மாறாது.

கசப்பு மெல்ல மெல்லத்தான் ஏறியது. எங்கள் தெருவில் நோட்டீஸ் கொடுத்து முடித்த மறுநாள் இரவே வீட்டுக்கு வீடு கவர் வந்தது. கொள்கையைச் சொல்லிக் கேட்ட ஓட்டுக்கு எதற்கண்ணே பணம் என்று வட்டச் செயலாளரிடம் கேட்டேன். "தம்பி, அவங்க குடுக்குறாங்க. நாம குடுக்கலைன்னா நிக்க முடியுமா?" என்றார். அடுத்த தேர்தலில், முந்தின வருஷம்வரை எதிர்மேடையில் நின்று எங்களைத் திட்டியவர் கட்சி மாறி வந்த கையோடு வேட்பாளர் ஆனார். பல வருஷம் உழைத்தவர்கள் அவருக்கு மாலை வாங்கக் கடைக்குப் போனார்கள். இதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன், குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். இத்தனை பேர் வியர்வை சிந்திய இடத்தில் ஒரு கேள்விக்கு இடமில்லை என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

சரி, இனி ஓட்டை என்ன செய்வது? நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அதே சின்னத்தில் அழுத்து என்கிறார் ஒருவர். எதிர்க்கட்சிக்குப் போடு, புதுசா வந்தவங்களுக்குப் போடு, நோட்டா போடு, அன்னைக்கு வீட்டுல தூங்கு என்று வரிசையாக யோசனைகள். எல்லாவற்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்: இப்படிச் செய்தால் நம் வருத்தம் அந்தக் கட்சியின் கணக்கில் தெரியுமா?

கட்சி எப்படிக் கணக்குப் பார்க்கிறது

நம் ஓட்டு ரகசியம். நம் பூத்தின் ஓட்டு ரகசியம் இல்லை. வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகு ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை விழுந்தது, நோட்டாவுக்கு எத்தனை என்கிற பட்டியல் 20-ஆம் படிவம் என்ற பெயரில் வெளியாகிறது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதை வைத்துத்தான் "உன் பாகத்துல ஏன் குறைஞ்சுது?" என்று பாக முகவரையும் வட்டச் செயலாளரையும் மேலே இருப்பவர்கள் பிடிக்கிறார்கள். பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடிக்குரிய வாக்காளர் பட்டியல், சுமாராக ஆயிரம், ஆயிரத்து இருநூறு வாக்காளர்கள். சென்னையில் பல இடங்களில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் வந்து போடுகிறார்கள். அந்த அறுநூறு சொச்சம் ஓட்டில் நாற்பது, ஐம்பது நகர்ந்தாலே போதும், பெயர் தெரியாவிட்டாலும் தெரு தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.நகர் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் அ.தி.மு.க. வேட்பாளரை 137 ஓட்டில் வென்றார். ஜெயித்தவருக்குப் போட்டவர்களில் 69 பேர் எதிராளிக்கு மாற்றிப் போட்டிருந்தால் முடிவே திரும்பியிருக்கும். அவர்கள் நோட்டாவுக்கோ மூன்றாவது ஒருவருக்கோ போட்டிருந்தாலும், வீட்டில் இருந்திருந்தாலும், அதே விளைவுக்கு 138 பேர் வேண்டும். நேர் எதிராளிக்கு மாறும் ஓட்டு இங்கே ஒன்றைக் குறைத்து அங்கே ஒன்றைக் கூட்டுகிறது, அதனால் இரட்டிப்பு எடை. மற்ற எல்லா வழிகளுக்கும் ஒற்றை எடைதான்.

நோட்டாவும் வீட்டில் இருப்பதும்

என் வயதுக்காரர்களுக்கு நோட்டாமேல் ஒரு மரியாதை உண்டு. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில் தீர்ப்பு சொன்ன பிறகுதான் அந்தப் பொத்தான் வந்தது. அதற்கு முன்பு யாருக்கும் ஓட்டில்லை என்று பதிவு செய்ய வேண்டுமானால், 49-ஓ விதிப்படி வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கட்சி முகவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ரகசியம் அங்கேயே போய்விடும். அந்த நிலையிலிருந்து இது நல்ல முன்னேற்றம்.

ஆனால் நோட்டாவால் யாரையும் தோற்கடிக்க முடியாது. அது எத்தனை வாங்கினாலும், அடுத்து அதிகம் வாங்கிய வேட்பாளர்தான் ஜெயித்தவர். 2024 மக்களவைத் தேர்தலில் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகியபோது நோட்டாவுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் விழுந்தது. பா.ஜ.க. வேட்பாளர் பதினோரு லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் எம்.பி. ஆனார். நம் ஊரில் பேசப்படும் உதாரணம் ஆர்.கே.நகர். பணப் பட்டுவாடா புகாரால் 2017 ஏப்ரலில் ரத்தான இடைத்தேர்தல் டிசம்பரில் நடந்தபோது, நோட்டா 2,373 ஓட்டு வாங்கி பா.ஜ.க. வேட்பாளரையே முந்தியது. செய்தியாகச் சில நாள் ஓடியது, அவ்வளவுதான். அந்த 2,373 பேரும் பணத்தை வெறுத்தவர்களா, வேட்பாளர்களை வெறுத்தவர்களா என்று எந்தக் கட்சியும் கேட்டுப்போகவில்லை. 2021-ல் மாநிலம் முழுக்க நோட்டாவின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே.

வீட்டில் இருப்பது இதைவிட மோசம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் 69.7 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். தென் சென்னையும் மத்திய சென்னையும் 54 சதவீதத்தை ஒட்டியே நின்றன. வராத அத்தனை பேரிலும் கோபத்தால் வராதவர் எவர், லீவு கிடைத்ததென்று ஊருக்குப் போனவர் எவர், இடம் மாறியும் பட்டியலில் பெயர் நீக்கப்படாதவர் எவர்? பிரித்துப் பார்க்க வழியில்லை. அதனால் கட்சிகள் சென்னை வாக்காளரைச் சோம்பேறி என்று ஒதுக்கிவிட்டு, நிச்சயம் வருகிறவர்களை மட்டும் கவனிக்கின்றன. நோட்டா போடுகிறவரையாவது பாகத்தின் பட்டியலில் காட்ட முடியும், வராதவரைக் காட்டவே முடியாது.

எதிர்க்கட்சிக்கு மாறுவது

எடை அதிகமுள்ள வழி இதுதான் என்று மேலே பார்த்தோம். தமிழ்நாடு இதைப் பலமுறை செய்தும் காட்டியிருக்கிறது. 1989 முதல் 2011 வரை நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி கை மாறியது. 1996-ல் முதல்வராக இருந்த ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். 2016-ல்தான் அந்த வரிசை உடைந்தது. ஆட்சியில் இருப்பவர்கள் பயப்படும் மொழி இது ஒன்றுதான் என்று என் மாமா சொல்வார். வரலாறு அவர் பக்கம் நிற்கிறது.

என்றாலும் அந்த ஓட்டை வாங்குகிறவர் அதை நம் கோபமாக எடுத்துக்கொள்ள மாட்டார், தனக்குக் கிடைத்த ஆதரவாகவே எடுத்துக்கொள்வார். அப்புறம், கவர் கொடுப்பதில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால், எதற்காக மாறினோமோ அது மாறாது. ஆகவே மாறுவதற்கு முன் வேட்பாளரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் சொத்து, கடன், வழக்குகளை 26-ஆம் படிவப் பிரமாணப் பத்திரத்தில் கொடுத்திருப்பார். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். கால் மணி நேரம் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணியில் இருக்கும் என் முஸ்லிம் நண்பன் அதே கட்சியின்மேல் என்னைவிட அதிக வருத்தத்தில் இருக்கிறான். ஆனாலும் அதற்கே போடுகிறான். "உனக்கு இது கோபத்தைக் காட்டுற விஷயம்டா. எனக்கு எங்க வீட்டுல பெரியவங்க நிம்மதியாத் தூங்குற விஷயம்" என்றான். அவனிடம் என் 69, 138 கணக்கைக் காட்டி வாதாட எனக்கு உரிமை இல்லை. யார் ஜெயித்தாலும் தன் அன்றாடம் பெரிதாக மாறாது என்ற நிலையில் இருப்பவருக்குத்தான் மாற்றிப் போடும் சுதந்திரம் முழுதாக இருக்கிறது. அவன் அதே சின்னத்தில் அழுத்துவதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது. பழக்கத்தாலும் குடும்பப் பெருமைக்காகவும் மட்டுமே அழுத்துகிற என்னைப் போன்றவர்களின் விஷயம் வேறு. அப்படி விழும் ஓட்டில் வருத்தத்தின் சுவடே இருக்காது. அந்தப் பாகத்தின் பட்டியலைப் பார்க்கிறவர் எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்றுதான் முடிவு செய்வார்.

மூன்றாவதாக ஒருவர்

புதிய கட்சிக்குப் போடும் ஆசையில் உண்மை இருக்கிறது, ஏனென்றால் அதில் நம்பிக்கை இருக்கிறது. நான் பார்ப்பது, போட்ட ஓட்டு போட்ட இடத்திலேயே நிற்குமா என்பதை. விஜயகாந்தின் தே.மு.தி.க. 2005-ல் தொடங்கி, 2006-ல் தனித்து நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கியது. 2011-ல் அ.தி.மு.க. கூட்டணியில் 29 இடங்கள், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. 2016-ல் ஓர் இடம்கூட இல்லை. இரண்டு கழகங்களும் வேண்டாம் என்று 2006-ல் போட்டவரின் ஓட்டு, ஐந்தே வருஷத்தில் ஒரு கழகத்தின் கூட்டணியில் இருந்தது. மக்கள் நீதி மய்யம் 2019 மக்களவைத் தேர்தலில் தென் சென்னையிலும் வட சென்னையிலும் லட்சத்துக்கு மேல் வாங்கியது. 2024-ல் போட்டியிடவில்லை, தி.மு.க. கூட்டணிக்கு ஆதரவு தந்தது. தனித்து நின்றே வளர்ந்தது நாம் தமிழர் கட்சி. அதன் பேச்சு எனக்கு ஒத்துவராது, ஆனால் 2016-ல் ஒரு சதவீதத்தை ஒட்டி இருந்தது 2024-ல் எட்டைத் தாண்டி, மாநிலக் கட்சி அங்கீகாரமும் வந்தது. அங்கே விழுந்த ஓட்டு அங்கேயே எண்ணப்பட்டது.

அதனால் புதிய கட்சிக்குப் போடுகிறவர் அதன் கூட்டணி நிலைப்பாட்டைக் கேட்டுவிட்டுப் போடட்டும். ஒற்றை எடை என்றாலும், நோட்டாவைவிட இதற்குக் குரல் உண்டு. எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்பதாவது தெரியும்.

உள்ளே இருந்து பேசுவது

இதை நான் முயன்று பார்த்தேன், முடிவை முன்பே சொல்லிவிட்டேன். கட்சிக்குள் இருக்கிற இளைஞர் போஸ்டர் ஒட்டலாம், கூட்டம் சேர்க்கலாம், கட்டணம் கட்டி விருப்ப மனுவும் கொடுக்கலாம். வேட்பாளரை முடிவு செய்வது மாவட்டச் செயலாளரும் தலைமையும்தான். ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனவரே கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவி போகலாம். அந்த நிலைமையில் வட்ட அளவில் இருக்கும் ஒருவரின் கேள்வி எவ்வளவு தூரம் ஏறும்? பொறுமை உள்ளவர்கள் இருக்கட்டும், அவர்கள் தேவை. எனக்கு அது ஒத்துவரவில்லை.

வார்டில் தனியாக முடிவெடுப்பது

இதைத்தான் நான் முதலிடத்தில் வைக்கிறேன். மாநகராட்சித் தேர்தலையும் சட்டமன்றத் தேர்தலையும் ஒரே சின்னத்தால் கட்டிவைக்க வேண்டியதில்லை. 2016-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு ஐந்து வருஷத்துக்கு மேல் சென்னைக்குக் கவுன்சிலர்களே இல்லாமல் இருந்தது. 2022 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோது வாக்களித்தவர்கள் 44 சதவீதத்துக்கும் குறைவு. 200 வார்டுகள், வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரம் வாக்காளர்கள். அப்படியானால் போடுகிறவர்கள் பதின்மூன்றாயிரம் பேர் அளவுதான். ஆறேழு ஆயிரம் ஓட்டு வாங்கினாலே கவுன்சிலர். சட்டமன்றத்தில் கரைந்துபோகும் ஐம்பது ஓட்டு இங்கே ஆளையே மாற்றக்கூடிய இடத்துக்கு வந்துவிடும். ஒரே கட்சிக்குச் சட்டமன்றத்தில் போட்டுவிட்டு, வார்டில் அதன் ஆளைத் தோற்கடிக்கலாம். கட்சியை முழுதாகக் கைவிட மனம் வராதவர்களுக்கும் என் திருவல்லிக்கேணி நண்பனுக்கும் பொருந்துகிற வழி இது.

தேர்தல் இல்லாத நாட்களிலும் கேட்க இடம் இருக்கிறது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் நகரங்களில் பகுதி சபைகள் தொடங்கின. கிராம சபைபோல நம் தெருக்காரர்கள் போய்ப் பேசலாம். நான் போன கூட்டத்தில் பெண் கவுன்சிலருக்குப் பதிலாக அவர் கணவரே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழுந்து, "நாங்க ஓட்டுப் போட்டது மேடத்துக்கு, அவங்களே பேசட்டும்" என்றார். அதன் பிறகு கவுன்சிலர் பேசினார், வடிகால் வேலை எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. சொன்ன பதில் சரியா என்று பார்க்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய், முப்பது நாள்.

மாற்றிப் போடப் போகிறவர்கள் காரணத்தையும் சொல்லிவிட்டுப் போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பட்டியலில் எண்ணிக்கை மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது. எங்கள் தெருவில் சிலர் சேர்ந்து, ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சியின் வட்டச் செயலாளருக்கும் ஒரே கடிதத்தைக் கொடுக்கப் போகிறோம். கவர் வேண்டாம், இந்த வேட்பாளரை எதற்காக நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள், ஜெயித்தால் பகுதி சபைக்கு அவரே வருவாரா என்பதை எழுதிக் கொடுங்கள். கீழே எங்கள் பெயரும் பாகம் எண்ணும் இருக்கும்.