தகரக் கூரைக்குக் கீழே எந்த மைக்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களுடையது தாமான் (குடியிருப்புப் பகுதி) வரிசை வீடு. இரண்டு பக்கமும் ஒட்டிய சுவர், மேலே தகரக் கூரை, முன்னறையில் ஓயாமல் சுற்றும் விசிறி. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. இந்த வீட்டில்தான் அப்பத்தாவின் பாட்டுகளைப் பதிவு செய்து வருகிறேன். பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்தில் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், அவர் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் வேறு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அதனால் மைக் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் அதிகம். சிலவற்றை வாங்கியும் சிலவற்றை நண்பர்களிடம் இரவல் பெற்றும் பார்த்துவிட்டேன்.

முதலில் ஆடியோ டெக்னிகா ஏடி2020. இது கண்டன்சர் மைக். மெல்லிய சவ்வு சின்ன அசைவையும் பிடித்துவிடும். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பெஹ்ரிங்கர் எக்ஸ்எம்8500 டைனமிக் வகை. காந்தத்துக்குள் கம்பிச்சுருள் அசைந்து ஒலியை மின்சாரமாக்கும். அதன் எல்லை 50 முதல் 15,000 வரைதான். தாளில் பார்த்தால் ஏடி2020 சுலபமாக ஜெயிக்கிறது. அப்பத்தா 'ஆராரோ' என்று இழுக்கும்போது குரலில் வரும் நடுக்கமும், வரிக்கு வரி எடுக்கும் மூச்சும் அதில் அப்படியே விழுந்தன. கூடவே விசிறி, அடுத்த வீட்டுச் சட்டி, தெருவில் போன மோட்டார் எல்லாமும் விழுந்தன.

எக்ஸ்எம்8500-இல் அந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறைந்தது. டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வடிகட்டிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். அப்படி ஒரு வடிகட்டி அதற்குள் கிடையாது. உண்மையான காரணம் தூரம். டைனமிக் மைக்கை வாய்க்கு மூன்று நான்கு விரல் தள்ளி வைத்துப் பாடுகிறோம், கண்டன்சரை ஒரு சாண் தள்ளி வைக்கிறோம். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். அறையின் இரைச்சலோ இருந்த அளவிலேயே இருக்கும். ஒரு சாணிலிருந்து நாலு விரலுக்கு வந்தாலே எவ்வளவு லாபம் என்று பாருங்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கிட்டே போகப்போக குரலில் அடிக்கனம் (பேஸ்) கூடும். பிறகு மென்பொருளில் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும்.

எக்ஸ்எம்8500-க்கும் ஒரு குறை உண்டு. அதிலிருந்து வரும் ஒலி மெலிந்தது. அப்பத்தா மாதிரி மெதுவாகப் பாடுகிறவருக்கு இன்டர்ஃபேஸில், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியில், கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) நிறைய ஏற்ற வேண்டும். மலிவான இன்டர்ஃபேஸ் அங்கே 'உஸ்' என்று இரையும். அப்புறம், மைக் மலிவு என்று மகிழ்ந்தவர் இன்டர்ஃபேஸுக்கும் மைக்கை அதில் செருகும் எக்ஸ்எல்ஆர் கேபிளுக்கும் தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும். ஏடி2020-க்கும் இதே கணக்குதான், அதோடு கண்டன்சர் இயங்கத் தேவையான 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரமும் தருகிற இன்டர்ஃபேஸாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் சாம்சன் க்யூ2யூ எனக்குப் பிடித்துப்போனது. அதுவும் டைனமிக்தான். யூஎஸ்பி வயரை நேராக லேப்டாப்பில் செருகலாம், பின்னால் இன்டர்ஃபேஸ் வாங்கினால் எக்ஸ்எல்ஆர் வழியாகவும் போடலாம். ஹெட்ஃபோன் துளை மைக்கிலேயே இருப்பதால், பாடும்போதே தாமதமில்லாமல் தன் குரலைக் கேட்கலாம். தோட்டத்து வீடுகளுக்குப் போய் வயதானவர்களிடம் பாட்டு வாங்க ஒரு பையில் லேப்டாப்பும் இதுவும் போதும். கையில் பிடிக்கிற வடிவம் என்பதால் அவர்களுக்கும் பயமில்லை, கோயில் மேடையில் பார்த்த மைக் மாதிரியே இருக்கிறது.

ப்ளூ யெட்டி நல்ல மைக், ஆனால் நம் வீட்டுக்கு ஒத்துவராது. எந்தத் திசை ஒலியைப் பிடிக்க வேண்டும் என்று நான்கு விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றாலும், அதுவும் கண்டன்சர்தான். மேசையில் வைத்தால் மேசை அதிர்வையும் சேர்த்துப் பிடிக்கும். இணையத்தில் ஸ்டாண்டும் மூச்சுக்காற்றைத் தடுக்கும் வலையும் சேர்த்து ஒரே பெட்டியாக வரும் பெயரில்லாத கண்டன்சர்களில் ஒன்றை நானும் வாங்கினேன். தாலாட்டை விட இரைச்சல்தான் அதிகம் கேட்டது. அந்தக் காசை எக்ஸ்எம்8500-க்குப் போட்டிருக்கலாம்.

கண்டன்சர் வாங்குகிறவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். ஏடி2020-இன் உச்சியில் பாடாதீர்கள், முகப்புப் பக்கம்தான் அதன் காது. முதுகுப் பக்கம் மந்தமாகக் கேட்கும், அதை விசிறியை நோக்கித் திருப்புங்கள். அடுத்தது நம் ஊர் ஈரம். ஈரம் ஏறினால் கண்டன்சரின் ஒலியில் படபடவென்று வெடிப்புச் சத்தம் வரும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

ஆக, புதிதாகத் தொடங்குகிறவருக்கு க்யூ2யூ. வீட்டில் ஏற்கெனவே நல்ல இன்டர்ஃபேஸ் இருந்தால் எக்ஸ்எம்8500. துணி நிறைந்த அலமாரியும் மெத்தையும் உள்ள அமைதியான உள்ளறை வாய்த்தவர் மட்டும் ஏடி2020 பக்கம் போகலாம்.

என் பதிவுகளில் ஒரே ஒரு பாட்டு ஏடி2020-இல் இருக்கிறது. விடிவதற்கு முன், சேவல் கூவுமுன், விசிறியை நிறுத்திவிட்டு அப்பத்தாவின் கட்டிலருகே உட்கார்ந்து எடுத்த தாலாட்டு. மற்ற எல்லாவற்றையும் க்யூ2யூ-வில் மறுபடி எடுத்தேன், அதை மட்டும் தொடவில்லை.