டீஃபிராக் ஓடவிடலாமா, காப்பி எடுத்துத் திருப்பிப் போடலாமா?

டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடக்கும் ஃபைல்களை ஒன்றாகச் சேர்ப்பதுதான் டீஃபிராக். “ஒரு டிபி டிஸ்க், டீஃபிராக் முடிய எவ்வளவு நேரம் ஆகும்?” பெரம்பூர், வண்ணாரப்பேட்டை பக்கம் ஸ்டுடியோவும் டிடிபி கடையும் வைத்திருப்பவர்கள் கேட்கும் இந்தக் கேள்விக்கு டிஸ்க்கின் அளவை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஃபைல்கள் எத்தனை துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன, காலி இடம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நேரம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் லேப்டாப் டிஸ்க்கில், தகவலைப் படித்து எழுதும் முனையான ஹெட் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகச் சராசரியாக 12 மில்லி செகண்ட். வேண்டிய இடம் சுழன்று ஹெட்டுக்குக் கீழே வர இன்னும் 5.6. ஒரு துண்டை நகர்த்துவதென்றால் படிக்க, எழுத, புது இடத்தைக் குறித்துவைக்க என்று குறைந்தது மூன்று முறை ஹெட் ஓட வேண்டும். 50 மில்லி செகண்டைத் தாண்டிவிடும். ஒரு லட்சம் துண்டு இருந்தால் ஹெட் அலைவதற்கே ஒன்றரை மணி நேரம். தகவலைப் படித்து எழுதும் நேரம் தனி.

விண்டோஸோடு வரும் டீஃபிராக்கைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். அது நியாயமில்லை. 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளை அது கண்டுகொள்ளாது. அவ்வளவு பெரிய துண்டைப் படிக்கவே அரை செகண்டுக்கு மேல் ஆகும். நடுவில் ஹெட் ஒருமுறை தாவினால் வேகம் ஒன்றும் குறையாது. அதனால் வீடியோ நிறைந்த டிஸ்க்கில் வேலை சீக்கிரம் முடியும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து முதலில் ‘டீஃபிராக் டி: /ஏ /வி’ கொடுத்துத் துண்டுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஓட்டுவதென்றால் ‘டீஃபிராக் டி: /யூ /எச்’. /எச் இல்லாவிட்டால் மற்ற வேலைகளுக்கு வழிவிட்டு மெதுவாகத்தான் ஓடும். விண்டோஸ் 7-இல் சதவீதம் ஏறி, மறுபடி சைபரிலிருந்து ஆரம்பிக்கும். தொங்கிவிட்டது என்று பவர் பட்டனை அழுத்த வேண்டாம். அது அடுத்த பாஸ், அதாவது அடுத்த சுற்று; பல பாஸ் போவது இயல்பு.

குறைந்தது 15 சதவீதம் காலி இடம் வேண்டும். ஒரு டிபி டிஸ்க்கில் சுமார் 140 ஜிபி. 30, 40 ஜிபிதான் மிச்சம் என்றால் ஒரே ஃபைலை இங்கும் அங்கும் பலமுறை நகர்த்தியே பொழுது போய்விடும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்துவிட்டு, பழைய கல்யாண வீடியோக்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுத் தொடங்குவதே முறை.

தனியாக நிறுவிக்கொள்ளும் டீஃபிராக்ளர் என்ற மென்பொருள் வேறு வகை. எந்த ஃபைல் எத்தனை துண்டு என்று பட்டியல் காட்டும். திறக்கத் திணறும் ஒரு அவுட்லுக் பிஎஸ்டியையோ (மெயில்களைச் சேமிக்கும் ஃபைல்) டேலி ஃபோல்டரையோ மட்டும் தேர்ந்தெடுத்துச் சேர்க்க அது அருமை. சில நிமிட வேலை. மொத்த டிரைவுக்கும் அதை விடுவது வீண்.

சி டிரைவ் அல்லாத, போட்டோவும் வீடியோவும் இருக்கும் டிரைவுக்கு எங்கள் ஓட்டு மூன்றாவது வழிக்குத்தான்: வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து, குவிக் ஃபார்மட் போட்டு, திருப்பி ஏற்றுவது. 400 ஜிபி, செகண்டுக்கு 100 எம்பி என்றால் போக 67 நிமிடம், வர 67 நிமிடம். ஆனால் யுஎஸ்பி 3.0 போர்ட்டில், பெரும்பாலும் உள்ளே நீலமாக இருக்கும் அதில், செருக வேண்டும். 2.0-இல் செருகினால் செகண்டுக்கு 30 எம்பிதான் கிடைக்கும். ஒருவழிக்கே 3 மணி 40 நிமிடம். சின்னச் சின்ன ஜேபெக் நிறைய இருந்தால் எதிலும் இன்னும் தாமதம். ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் இரண்டு பக்கமும் ஒத்துப் பார்த்து, நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்த பிறகே ஃபார்மட். ‘குவிக்’ டிக்கை எடுத்துவிட்டால் டிஸ்க் முழுக்கச் சைபர் எழுதும். ஒரு டிபிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் போச்சு. திருப்பி ஏற்றும்போது ஒரு நேரத்தில் ஒரே காப்பிதான். இரண்டு ஜன்னலில் ஒன்றாக ஓடவிட்டால் இரண்டின் ஃபைல்களும் இடையிடையே விழுந்து, புது டிஸ்க்கிலேயே சிதறல் தொடங்கிவிடும். எல்லாம் முடிந்ததும் வெளி டிஸ்க்கில் இருப்பதை அழிக்காதீர்கள், அது உங்கள் பேக்கப்.

எதை ஓட்டுவதானாலும் முதலில் டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து பாருங்கள். சி5 என்ற வரியில் சைபருக்கு மேல் எண் இருந்தால் படிக்க முடியாத செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள், இருக்கின்றன. டீஃபிராக் அந்த இடத்தில் போய் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நகராது. முக்கியமானதைக் காப்பி எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். தகவல் வரும் வழியில் நேரும் பிழைகளை எண்ணும் சி7 வரி ஏறிக்கொண்டே போனால் குற்றம் பெரும்பாலும் கேபிளிலும் கனெக்டரிலும்தான். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்று பட்டுச் சாட்டா முனைகள் கறுத்துப்போகும். கேபிளை மாற்றினாலே வேகம் திரும்பும். சூட்டையும் கவனியுங்கள். ஏசி இல்லாத கடையில் மே மாதப் பகலில் டிஸ்க் 55 டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிட்டு ராத்திரி ஓட்டுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க் தாங்கும்; துண்டைப் புது இடத்தில் எழுதிய பிறகுதான் பழைய இடத்தை விடுவிக்கும். ஃபேட்32 என்ற பழைய முறையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது, யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

எஸ்எஸ்டிக்கு டீஃபிராக்கே வேண்டாம். அதில் ஹெட் இல்லை, அலைச்சலும் இல்லை, ஆயுள்தான் குறையும். விண்டோஸின் ‘ஆப்டிமைஸ்’ அதற்குப் பொதுவாக டிரிம்தான் அனுப்பும், அதாவது எந்த இடமெல்லாம் இனி காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை; பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். சில யுஎஸ்பி பெட்டிகளில் போட்ட எஸ்எஸ்டியை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க் என்றே காட்டும். அப்படிக் காட்டினால் ‘ஆப்டிமைஸ்’ பட்டனைத் தொடாமல் டிரிம்முக்கான ‘டீஃபிராக் இ: /எல்’ மட்டும் கொடுங்கள்.