கிருஷ்ணகிரியில் ‘ஒரிஜினல் பர்மா’

மெல்போர்னிலிருந்து ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு தேக்குக் கட்டில் செய்யணும், அவ்வளவுதான் வேலை. ஃபிளைட், பேங்க், ஆதார் திருத்தம் எல்லாம் சொன்ன நேரத்தில் முடிந்தது, அதை விடுங்கள். மரக்கடையைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கடைப் பெயர் வேண்டாம். போட்டிருந்த அரைக்கால் சட்டையைப் பார்த்தே ஃபாரின் பார்ட்டி என்று முடிவு கட்டிவிட்டார்கள். டீ வந்தது. முதலாளி ஒரு உருட்டுக்கட்டையைத் தட்டி, “ஒரிஜினல் பர்மா சார், போன மாசம்தான் இறங்குச்சு” என்றார். பர்மா, அதாவது மியான்மர், உருட்டுக்கட்டை ஏற்றுமதியை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டதே என்றேன். “அது கவர்மென்ட்டு சொல்றது சார், நமக்கு வருது.” சிரிப்பு வேறு!

அடுத்தது அளவு. கட்டையைச் சுற்றி நூல் பிடித்து, அதை நாலாக மடித்து, அந்தக் கால் பங்கை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவதுதான் மரக்கடைக் கணக்கு. சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 10 கன அடி. நிஜத்தில் கட்டை ஏறக்குறைய 12.7 கன அடி இருக்கும். அறுக்கும்போது போகிற சேதாரத்தை வாங்குகிறவன் தலையில் கட்டக் கூடாது என்று வைத்த நியாயமான கணக்கு அது. இவர் தடிமனான பட்டைக்கு மேலேயே நூலைச் சுற்றி அந்த நியாயத்தையும் விழுங்கிவிட்டார்.

மெல்போர்னில் சூளையில் உலர்த்தி, 10 முதல் 15 சதவீத ஈரத்துக்குள் கொண்டுவந்துதான் பலகையை விற்பார்கள். அந்தப் பழக்கத்தில், மரத்துக்குள் ஈரம் எத்தனை சதவீதம் என்று கேட்டேன். “தண்ணியே படல சார், ஷெட்டுக்குள்ளதான் கெடக்குது.” இதற்கு மேல் என்ன பேச? (அங்கே மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. டாஸ்மேனியன் ஓக் என்று விற்பதெல்லாம் ஓக் மரமே இல்லை, யூக்கலிப்டஸ்.)

கூட வந்த எங்க ஊர் ஆசாரி அதுவரை வாயைத் திறக்கவில்லை. அறுத்து அடுக்கியிருந்த ஒரு பலகையை வெயிலுக்கு இழுத்துப் போட்டார். பையிலிருந்து சின்ன இழைப்புளியை எடுத்து ஓரத்தில் இரண்டே இழுப்பு. மேலே தேன் நிறம். சுருள் விழுந்த இடத்தில் வெளேரென்று வெள்ளை. சாயம் பூசியிருக்கிறார்கள்! “தம்பி, வைரம் பாயாத தேக்குக்குப் பேரு மட்டும்தான் தேக்கு. கரையானுக்கு நல்ல தீனி.” எண்ணெய்ப் பசையும் பூச்சி அண்டாத குணமும் வைரம் என்கிற நடுவில் முற்றிய பாகத்தில்தான் இருக்கின்றன, வெளி வெள்ளைக்கு அது கிடையாது. முதலாளி போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

தாத்தா காலத்தில் இந்தக் கூத்தே இல்லை. கொல்லையில் நின்ற வேம்பையோ பூவரசையோ வெட்டி, ஏரியில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, நிழலில் ஆறவைத்து அறுப்பார்கள். ஊறினால் மாவுச்சத்து கரைந்து போகும், உளுக்காது. இப்போது ஏரியில் தண்ணீர் இருந்தாலும் ஆறப்போட யாருக்குப் பொறுமை இருக்கிறது? மாந்தோப்பு ஊர் ஆச்சே, மாமரத்தில் செய்தால் என்ன என்றதற்கு ஆசாரி முறைத்தார். சீக்கிரம் வண்டு துளைத்து மாவாகக் கொட்டுமாம்.

கடைசியில் வேறொரு கடையில் வேங்கை மரம் வாங்கினேன். தேக்கைவிடக் கனம், விலை குறைவு, பட்டையை உரித்துவிட்டு அளந்தார்கள், கேட்காமலே பில் கொடுத்தார்கள். ஒரே தொல்லை, ஈரம் பட்டால் வேங்கை சாயம் விடும், விரிப்பில் கறை ஏறும். அதனால் நாலு பக்கமும் ஈரம் புகாமல் தடுக்கும் சீலர் பூச்சு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. “ஃபாரின்ல சம்பாதிச்சும் ஒரு தேக்குக் கட்டிலுக்கு வக்கில்லையான்னு ஊர்ல கேப்பாங்கடா.”