டிலனின் எண்பதுகள்: 'இன்ஃபிடல்ஸ்', 'ஓ மெர்சி' – எது மேல்?

எண்பதுகளில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் வெளியிட்ட ஆல்பங்களில் எது சிறந்தது என்று ரசிகர்கள் வாதிடும்போது, பேச்சு பெரும்பாலும் 1983-இல் வந்த 'இன்ஃபிடல்ஸ்', 1989-இல் வந்த 'ஓ மெர்சி' ஆகிய இரண்டில்தான் வந்து நிற்கிறது. முன்னதன் பலம் வாத்தியக்காரர்கள்: ஜமைக்காவின் ஸ்லை டன்பரும் ராபி ஷேக்ஸ்பியரும் தாளத்தைத் தாங்க, மிக் டெய்லரும் தயாரிப்பாளர் மார்க் நாப்ஃப்ளரும் கிதார் வாசித்தனர். ஆனால் 'பிளைண்ட் வில்லி மெக்டெல்' என்ற அபாரமான பாடலை டிலன் அதில் சேர்க்காமல் விட்டதும், 1991-இல்தான் அது முறையாக வெளிவந்ததும் ரசிகர்களுக்கு இன்றும் ஆறாத மனக்குறை. 'ஓ மெர்சி'யிலும் 'சீரீஸ் ஆஃப் ட்ரீம்ஸ்' இப்படியே விடுபட்டது என்றாலும், அந்த இழப்பு ஆல்பத்தை அவ்வளவாகக் குலைக்கவில்லை.

தயாரிப்பாளர் டேனியல் லான்வா நியூ ஆர்லியன்ஸில் பதிவுசெய்த 'ஓ மெர்சி'யில், 'மேன் இன் தி லாங் பிளாக் கோட்' பாடல் சில்வண்டுகளின் இரைச்சலோடு தொடங்குகிறது; அதற்கு மேல் டிலனின் கரகரத்த குரல், பக்கத்தில் அமர்ந்து தணிந்து பேசுவதுபோல ஒலிக்கிறது. லான்வாவின் ஒலிப்பூச்சு மிகை என்று குறைப்படுவோர் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. தனிப்பாடலாக எடுத்தால் 'இன்ஃபிடல்ஸ்' ஆல்பத்தின் 'ஜோக்கர்மேன்' பக்கம் சாய்வேன். முழு ஆல்பமாகக் கேட்க எனக்கு 'ஓ மெர்சி'தான்.