பண்ணைத் தங்கலா, பட்டுக்கூடா, ஆட்டுக் கொட்டிலா: பாலாற்றுப் படுகை உழவருக்கு எது பொருந்தும்?

2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தில், கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி நெல், நிலக்கடலை, கரும்பு, வாழை என்று பயிரிடும் இரண்டு மூன்று ஏக்கர் உழவர்கள் பயிருக்கு அப்பால் இன்னொரு வருமானத்தைத் தேடத் தொடங்கிப் பல ஆண்டுகளாகின்றன. மகாராஷ்டிர அரசு 2020இல் பண்ணைச் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்த பிறகு, நம் பக்கத்திலும் தோட்டத்தில் இரண்டு அறை கட்டி விருந்தினரைத் தங்கவைக்கலாம் என்ற பேச்சு வலுத்திருக்கிறது. இதைப் பட்டுப்புழு வளர்ப்பு, ஆடு வளர்ப்பு, காளான், தேனீ ஆகியவற்றோடு ஒப்பிடும்போது எது அதிகப் பணம் தரும் என்று மட்டும் கேட்பது போதாது. மழை ஏமாற்றிப் பயிர் கைவிடும் ஆண்டில் எந்த வருமானம் அதனுடன் சேர்ந்து விழாமல் நிற்கும் என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

முதலில் தங்கும் பண்ணையைப் பார்ப்போம். வேலூருக்கு ஆள் வரத்துக்குக் குறைவில்லை என்பது இதை ஆதரிப்போரின் முதன்மையான வாதம். ஆனால் வருவோர் யார் என்று பிரித்துப் பார்த்தால் அந்த வாதம் பாதியாகச் சுருங்கிவிடும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருவோருக்கு, மருத்துவமனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், வாடகை குறைந்த, தாமே சமைத்துக்கொள்ள வசதியுள்ள அறைதான் தேவை. 2007இல் திறக்கப்பட்ட ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருவோரில் மிகப் பலர் திருப்பதி, காஞ்சிபுரம், திருவண்ணாமலை என்று நீளும் பயணத்தின் நடுவே சில மணி நேரம் மட்டும் இறங்குபவர்கள். தங்குவதற்கென்றே வருவோர் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி ஏலகிரிக்குப் போகிறார்கள். அங்கே குளிர்ச்சி இருக்கிறது, படகுத்துறை இருக்கிறது, விடுதிகளின் போட்டியும் இருக்கிறது. கே.வி.குப்பத்திலோ பள்ளிகொண்டாவிலோ உள்ள தோட்டம் அந்தக் கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வது எளிதன்று.

பருவமும் எதிராகவே நிற்கிறது. பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில்தான் நகரத்துக் குடும்பங்கள் கிளம்பும். அப்போது இங்கே வெயில் 40 பாகையைத் தாண்டியிருக்கும், கிணறு அடிமட்டத்தில் இருக்கும், விருந்தினருக்குக் காட்டப் பசுமை என்று அதிகம் மிஞ்சியிருக்காது. வயல் அழகாக இருக்கும் மார்கழி, தை மாதங்களில் வீட்டுக்காரருக்கே அறுவடை வேலை தலைக்கு மேல் இருக்கும். வறட்சி ஆண்டில் பயிரும் போய், பயிரைப் பார்க்க வரவேண்டிய விருந்தினரும் குறைவார்கள் என்பதால், மேலே சொன்ன அளவுகோலில் தங்கும் பண்ணை முதல் அடியிலேயே சறுக்குகிறது.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். இணைந்த கழிப்பறையுடன் இரண்டு அறைகளுக்குப் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் ஆகிறது, அதை 10 விழுக்காட்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், வட்டி மட்டுமே ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். ஆண்டின் 104 வார இறுதி இரவுகளில் 35 இரவுகள் இரண்டு அறைகளும் நிறைந்து, அறைக்கு 2,000 ரூபாய் கிடைத்தால் வரவு 1,40,000 ரூபாய். சாப்பாடு, துணி வெளுப்பு, ஆள் கூலி, முன்பதிவுத் தளத்தின் தரகு எல்லாம் அந்த இருபதாயிரம் ரூபாய் இடைவெளிக்குள் அடங்க வேண்டும், அடங்காது. இதோடு, தமிழ்நாட்டில் உழவுக்கு வழங்கப்படும் இலவச மின்சாரத்தை விருந்தினர் அறைக்கு இழுக்க முடியாது, தனி மின் இணைப்பு வாங்க வேண்டும். அறை வாடகை வேளாண் வருமானமாகக் கருதப்படாததால் வருமான வரி விலக்கும் அதற்குப் பொருந்தாது. இவற்றைச் சொல்லாமல் அறை கட்டும் திட்டத்தை மட்டும் விவரிக்கும் ஆலோசகர்களை நம்பிக் கடன் வாங்குவது நல்லதன்று.

பட்டுப்புழு வளர்ப்பு இதற்கு நேர் எதிரான இயல்புடையது. நட்ட மல்பெரி ஏறத்தாழ ஆறு மாதத்தில் இலை தரத் தொடங்கினால், பராமரிப்பைப் பொறுத்துப் பதினைந்து ஆண்டுகள் வரை நிற்கும். தண்ணீர் குறைந்த காலத்தில் இலை உதிர்த்தாலும் செடி சாகாமல் மழைக்குப் பிறகு மீண்டும் தழைக்கும். இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்புக்குப் பிறகு புழுக்களை வாங்கி வந்தால், மூன்று வாரத்துக்குள் அவை கூடு கட்டத் தொடங்கிவிடும். நூறு முட்டைத் தொகுதிக்கு (ஒரு தாய்ப்பூச்சி இடும் முட்டைகள் ஒரு தொகுதி) 60 முதல் 80 கிலோ வெண்பட்டுக்கூடு எடுப்பவர்கள் நம் பகுதியிலும் உண்டு. பாசன வசதியுள்ள தோட்டத்தில் ஆண்டுக்கு ஐந்தாறு முறை பணம் கைக்கு வரும் தொழில் சிறு உழவருக்கு வேறு அதிகம் இல்லை.

ஆனால் இதுவும் சும்மா கிடைக்கும் பணமன்று. கூட்டின் விலை கிலோ 300 ரூபாய்க்குக் கீழே இறங்கியதும் 600 ரூபாய்க்கு மேலே ஏறியதும் அண்மைய சில ஆண்டுகளுக்குள்ளேயே நடந்தவை. புழு மனைக்கு ஏற்ற வெப்பநிலை 23 முதல் 28 பாகை என்பதால், வேலூர்க் கோடையில் ஈரச் சாக்கும் நீர்த்தெளிப்பும் இல்லாமல் ஒரு சுற்றுப் புழுக்களைக் கரைசேர்ப்பது கடினம். அக்கினி நட்சத்திரக் காலத்தில் ஒரு சுற்றைத் தவிர்த்துவிடுவதே புத்திசாலித்தனம். கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசி வளர்ச்சிப் பருவத்தில்தான் புழு மொத்த இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் தின்னும் என்பதால், அந்த ஒரு வாரத்துக்கு வீட்டில் இரண்டு பேராவது முழுநேரமும் இருக்க வேண்டும், திருமணம், காதுகுத்து என்று வெளியூர் போக முடியாது. பக்கத்து நிலத்துக்காரர் கத்தரிக்கோ வாழைக்கோ பூச்சிமருந்து அடிக்கும்போது காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மொத்தப் புழுக்களும் போய்விடும். ஆகவே மல்பெரி நடுவதற்கு முன் வரப்புக்கு அப்பால் யார் என்ன பயிரிடுகிறார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆடு வளர்ப்பில் ஏற்ற இறக்கம் குறைவு. கே.வி.குப்பம் ஆட்டுச் சந்தை அருகிலேயே இருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பிரியாணிக் கடைகளின் தேவை ஆண்டு முழுதும் உண்டு, பக்ரீத்துக்கு முன் விலை தானாகவே ஏறும். ஐந்து மாதச் சினைக்காலம் என்பதால் மந்தை விரைவில் பெருகும், அவசரத்துக்கு ஒரு கிடாவை விற்றுப் பள்ளிக் கட்டணம் கட்டிவிடலாம். கால் ஏக்கரில் கம்பு நேப்பியர், வேலிமசால் ஆகிய தீவனப் பயிர்களைப் போட்டுக்கொண்டு, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசியைத் தவறவிடாமல் இருந்தால் போதும். பரண் அமைத்து நூறு ஆடுகளோடு தொடங்குவோர்தான் தீவனச் செலவில் மூழ்குகிறார்கள், பத்துப் பதினைந்தில் தொடங்குவோர் பெரும்பாலும் மூழ்குவதில்லை.

காளானும் தேனீயும் துணைத் தொழில்களாக மட்டுமே இங்கே நிற்கும். சிப்பிக் காளான் நம் கோடையைத் தாங்காது, வெயில் காலத்தில் பால் காளானுக்கு மாற வேண்டும். அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே விற்கும் வழி இல்லாதவர் இரண்டிலும் இறங்காதிருப்பது நல்லது. தேனீப் பெட்டி சமவெளித் தென்னந்தோப்பிலும் வாழும் என்றாலும், சவ்வாது மலையடிவாரத்தில்தான் அதற்குப் பூவும் பெயரும் சேர்ந்து கிடைக்கும்.

இவற்றுக்கிடையே யாரும் அதிகம் பேசாத ஒரு வழியும் உண்டு: விருந்தினரைத் தங்கவைக்காமல் பகலில் மட்டும் வரவேற்பது. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காம்பிலும் இலையிலும் முள்ளோடு நிற்கும் அந்தச் செடியைக் காட்டி, அதிலேயே பறித்த காயில் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து மதியச் சாப்பாடு போட்டு, போகும்போது இரண்டு கிலோ காயும் விற்பதற்கு அறை தேவையில்லை. ஒரு கீற்றுக் கொட்டகை, சுத்தமான கழிப்பறை, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு ஆகியவை போதும். பொற்கோயிலுக்கு வருவோர் செலவிட ஆயத்தமாக இருக்கும் சில மணி நேரத்துக்கு இதுவே பொருந்தும். கூட்டம் வராத வாரத்தில் காய் வழக்கம்போல் உழவர் சந்தைக்குப் போய்விடும் என்பதால் இழப்பும் சிறிது.

ஆகவே சமவெளியில் கிணற்றுத் தண்ணீரும் வீட்டு ஆள்பலமும் உள்ளவர் மல்பெரியோடு பத்து ஆடுகளையும், ஆள்பலம் இல்லாதவர் ஆட்டை மட்டும் எடுத்துக்கொள்வதே என் பரிந்துரை. தங்கும் அறை ஏலகிரியிலும் சவ்வாது மலையிலும் சொந்த வீட்டில் ஏற்கெனவே கூடுதல் அறை உள்ளவர்களுக்குரியது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் கிணறு உப்பேறிய நிலங்களுக்கு மட்டும் இந்த வரிசை செல்லாது. உப்பு நீரில் மல்பெரி இலையின் தரம் குறையும், புழுவும் அதை ஏற்காது என்பதால், அங்கே நாற்று வாங்குவதற்கு முன் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, உப்பு அளவு அதிகம் என்று வந்தால் மல்பெரியைக் கைவிட்டு, வெளியிலிருந்து தீவனம் வாங்கியாவது சில ஆடுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.